திரைக்குப் பின்னால் ஒரு ராகம்

(நமது முன்னாள் மாணவர் சங்கத்தின் மறுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்து, "தம்பி, நீ ஒரு இருபது நிமிஷம் பேசணும். தலைப்பு உன் இஷ்டம். ஆனா கண்ட்ரோல் வால்வு பத்தி மட்டும் வேணாம்" என்றார். "அப்ப வீடியோ கேம்ல வர்ற பின்னணி இசையைப் பத்திப் பேசட்டுமாண்ணே?" என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைக்கிற அளவுக்கு ஒரு மௌனம். பிறகு, "சரி, நடத்து" என்றார். ஆகவே நடத்துகிறேன்.

நான் பேசப்போவது ஒரு ஆட்டத்தைப் பற்றி. 1997 ஜனவரியில் ஜப்பானில் ஸ்கொயர் என்ற நிறுவனம் வெளியிட்ட 'ஃபைனல் ஃபேன்டஸி 7'. நம்மில் சிலருக்கு ஹாஸ்டல் நாட்களிலேயே இது பழக்கம். என் அறைத் தோழன் எங்கிருந்தோ மூன்று சிடி கொண்டுவந்து கம்ப்யூட்டரில் போட்டான். அந்த செமஸ்டரில் எங்கள் அறையில் மூன்று பேருக்கு மார்க் எப்படி வந்தது என்பதை இந்த மேடையில் விவரிக்க வேண்டாம்.

இந்த வகை ஆட்டத்தை ரோல் பிளேயிங் கேம் என்பார்கள். தமிழில் சொன்னால் வேடம் ஏற்று ஆடுவது. குதித்துத் தாவி அரை மணியில் முடிந்து போகிற சங்கதி கிடையாது. நாற்பது, ஐம்பது மணி நேரம் போகும். ஊர் ஊராக நடக்க வேண்டும், எதிரே வருகிறவர்களிடமெல்லாம் பேச வேண்டும், கடையில் வாள் வாங்க வேண்டும், சத்திரத்தில் தங்க வேண்டும், நடுநடுவே பூதங்களோடு சண்டை. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடியக் கூத்து பார்த்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. கூத்திலே இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், வேடம் கட்டியவர் அதற்குப் பின்னாலிருந்து பாடுவார், முகவீணையும் மத்தளமும் சேர்ந்துகொள்ளும். திரை விலகுவதற்கு முன்னாலேயே, வரப்போவது துரியோதனனா திரௌபதியா என்று முன் வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குத் தெரிந்துவிடும். எனக்குப் பிடித்த இசையமைப்பாளர் செய்ததும் ஏறக்குறைய அந்தத் திரை வேலைதான்.

அவர் பெயர் நோபுவோ உயெமாட்சு. 1959இல் கோச்சியில் பிறந்தவர். நம்ம பக்கத்துக் கொச்சி இல்லை, ஜப்பானில் அப்படி ஒரு மாநிலம் இருக்கிறது. முறையாக சங்கீதம் பயின்றவரல்ல, தானாகவே கற்றுக்கொண்டவர். டோக்கியோவில் இசைத்தட்டு வாடகைக்கு விடும் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவரை ஸ்கொயர் கூப்பிட்டுக்கொண்டது. 1987இல் இந்த வரிசையின் முதல் ஆட்டத்துக்கு இசை அமைத்தார்.

அப்போது அவருக்குக் கிடைத்த வாத்தியம் என்ன தெரியுமா? ஃபேமிகாம் என்ற விளையாட்டுப் பெட்டிக்குள் இருந்த ஒரு ஒலிச் சில்லு. 90களின் கடைசியில் நம் வீடுகளில் டிவியில் செருகி விளையாடினோமே 'டிவி கேம்', அதெல்லாம் அந்தப் பெட்டியின் நகல்தான். அந்தச் சில்லில் மொத்தம் ஐந்து தடங்கள். சதுர அலை இரண்டு, முக்கோண அலை ஒன்று, 'உஷ்' என்ற இரைச்சல் ஒன்று, சின்னச் சின்ன ஒலித் துண்டுகளுக்கு ஒன்று. ஒரு தடத்தில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். மூன்று சுரத்தைச் சேர்த்து அமுக்கி ஒரு கார்டு வாசிக்க அங்கே வசதி இல்லை. அதனால் அந்த மூன்றையும் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக ஓட விடுவார்கள். காது தானாகவே அதைச் சேர்த்துக் கேட்டுக்கொள்ளும். அந்த வரிசையின் ஆரம்ப இசையாக ஏறி ஏறி இறங்கும் ஒரு சுர மாலை உண்டு; தண்ணீர் சொட்டுகிற மாதிரி இருக்கும். வறுமையில் பிறந்தது அது. பிறகு முழு ஆர்கெஸ்ட்ரா வைத்துக்கொள்ள வசதி வந்த பிறகும் அந்த மாலையை அவர்கள் விடவில்லை.

சினிமாவோடு ஒப்பிட்டால் இந்த வேலையின் கஷ்டம் புரியும். நம்ம ஊரில் இதை ரீ-ரெக்கார்டிங் என்போம். 'மௌன ராகம்' படத்தின் பின்னணி இசையை இன்னமும் ரிங்டோனாக வைத்திருப்பவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பார்கள் (கொஞ்சம் முன்னால் ஒரு போன் அடித்தது, நான் கேட்டேன்). இளையராஜா அவர்களுக்கு முன்னால் படம் ஓடும். கதாநாயகன் திரும்புவது எத்தனையாவது விநாடி, கதவு சாத்துவது எத்தனையாவது விநாடி என்பதெல்லாம் கணக்கில் இருக்கும். விளையாட்டில் அந்தக் கணக்கே கிடையாது. ஆடுகிறவன் அந்த ஊரில் மூன்று நிமிஷம் நிற்கலாம். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள் என்று அப்படியே விட்டுவிட்டுப் போய் மூன்று மணி நேரம் கழித்தும் வரலாம். அதுவரை இசை சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முடிவும் தொடக்கமும் ஒட்டுகிற இடத்தில் தையல் தெரியக்கூடாது. நூறாவது தடவை கேட்கும்போது எரிச்சல் வரக்கூடாது. அதே நேரத்தில் அது எந்த ஊர் என்று சொல்லவும் வேண்டும். இந்த மூன்றையும் ஒரே ஸ்பெசிஃபிகேஷனில் யாராவது எனக்குக் கொடுத்தால் நான் டெண்டரே போட மாட்டேன்.

ஏழாவது ஆட்டம் வந்தபோது இயந்திரம் பிளேஸ்டேஷன், ஆட்டம் சிடியில். சிடியிலிருந்தே நேரடியாகப் பாட்டை ஓட விடலாம், தரமும் நன்றாக இருக்கும். உயெமாட்சு வேண்டாம் என்றுவிட்டார். சிடி பாட்டைப் படித்துக்கொண்டிருந்தால் அடுத்த காட்சியை ஏற்ற நேரமாகும். ஆடுகிறவன் காத்துக்கொண்டு உட்கார வேண்டும். ஆகவே பெட்டிக்குள் இருந்த ஒலிச் சில்லையே நம்பினார். 24 குரல்கள், 512 கிலோபைட் நினைவகம். நம் பொறியியல் மூளைக்காக ஒரு கணக்கு: சிடி தரத்தில் ஸ்டீரியோ ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 176 கிலோபைட். அரை மெகாபைட்டில் அப்படியே போட்டால் மூன்று விநாடி கூட முழுசாக வராது. வாத்தியங்களின் ஒலியைச் சுருக்கி, துண்டு துண்டாக அதற்குள் அடைத்து, எந்தச் சுரம் எப்போது என்ற குறிப்பை மட்டும் கொடுத்து வாசிக்க வைத்தார்கள். இப்படி உருவான இசை பிற்பாடு நான்கு சிடிக்களில் 85 உருப்படிகளாக வெளிவந்தது.

கதை நடக்கிற இடத்தைச் சொல்ல வேண்டும். மிட்கார் என்று ஒரு தொழில் நகரம். எட்டு ரியாக்டர்கள் பூமியின் உயிர்ச்சத்தை உறிஞ்சி மின்சாரமாக்குகின்றன. ஷின்ரா என்ற கம்பெனிதான் அந்த ஊருக்கு அரசாங்கம் மாதிரி. வசதியானவர்கள் மேலே ஒரு பெரிய தட்டில் வசிக்கிறார்கள், மற்றவர்கள் தட்டுக்குக் கீழே சேரியில், வானமே தெரியாமல். முதல் காட்சியில் ஒரு பெண் தெருவில் பூக்கூடையோடு நிற்கிறாள். கேமரா அவளை விட்டு மேலே மேலே போய் மொத்த நகரத்தையும் காட்டுகிறது, புகை, விளக்குகள், அப்புறம் ஒரு ரயில். இசையும் கூடவே ஏறுகிறது.

மாத்தூரில் வளர்ந்தவனுக்கு அந்தக் காட்சி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மணலி சுத்திகரிப்பு ஆலையின் ஃபிளேர் தெரியும். மழை மேகம் இருக்கிற ராத்திரியில் கிழக்கே வானம் ஆரஞ்சு நிறமாக இருக்கும். சூரியன் அந்தப் பக்கம்தான் தூங்குகிறது என்று சின்ன வயதில் நினைத்தேன். கண்டெய்னர் லாரி, சரக்கு ரயில், ஷிஃப்ட் சங்கு, இவற்றுக்கெல்லாம் அடியில் எப்போதும் ஒரு 'ம்ம்ம்' என்ற ரீங்காரம். எங்கள் பேட்டையின் பின்னணி இசை அதுதான். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மணலியை வில்லன் ஊர் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பக்கத்துச் சம்பளத்தில்தான் இந்தக் கல்லூரியில் என் ஃபீஸ் கட்டப்பட்டது. ஆனால் வேறொரு நாட்டில், வேறொரு கடற்கரையில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் ஒரு ஆலை நகரத்துக்கு இசை கட்டியிருக்கிறார், அது எங்கள் மொட்டை மாடிக்குப் பொருந்துகிறது என்றால், ஆச்சரியமாகத்தான் இருந்தது.

மிட்காருக்குள் வருகிற இசை பெரும்பாலும் கனமானது. ஒரே இடத்தில் சுற்றும், பெரிதாக ராகம் விரியாது. ரியாக்டருக்குள் போனால் அடியில் ஒரு துடிப்பு, மேலே உலோகச் சத்தம் போல ஏதோ. சேரிக்குப் போனால் வேறொரு துடிப்பு. ஆறேழு மணி நேரம் இதையேதான் கேட்டுக்கொண்டிருப்போம். அதற்குப் பிறகுதான் கதை நகரத்தின் சுவரைத் தாண்டுகிறது. பரந்த வெளி, புல், மலை. அப்போது முதன்முறையாக அந்த ஆட்டத்தின் மூல ராகம் வருகிறது. மெதுவாக, தயங்கித் தயங்கித் தொடங்கும்; நடுவில் இருண்டு பயமுறுத்தும்; மறுபடியும் தெளியும். இசைத்தட்டில் 6 நிமிஷத்துக்கும் மேல் ஓடுகிறது. ஆறு மணி நேரம் அதைக் கொடுக்காமல் வைத்திருந்தாரே, அந்தக் கஞ்சத்தனம்தான் பெரிய வித்தை என்பது என் கட்சி.

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பா எங்கள் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷம் கம்ப்ரஸர் ஹவுஸில் இருந்தார். அந்தக் காலத்தில் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது விதி. விதி காகிதத்தில் இருந்தது, பஞ்சு அப்பாவின் காதில் இருந்தது. வேலை இரைச்சலால் காது மந்தமாவது தொழிற்சாலைகள் சட்டத்தின் நோய்ப் பட்டியலிலேயே இருந்தது என்பது எங்களுக்கு ரொம்பப் பிற்பாடுதான் தெரிந்தது. ஆடியோகிராம் எடுத்தபோது, நாங்கள் பாடப் புத்தகத்தில் பார்க்கிற மாதிரி 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம்.

அந்தப் பள்ளம் என்ன செய்யும் என்றால், பேச்சிலே உயிரெழுத்து கேட்கும், மெய் கரைந்துவிடும். ச, த, ட, ஃப எல்லாம் அந்த உயர் அலைவரிசையை நம்பி இருக்கிறவை. "சாதம் போடட்டுமா" என்று அம்மா கேட்டால் அப்பாவுக்கு ஏதோ ஆ-ஆ-ஓ என்று வரும். டிவி செய்தியில் தலைப்பு ஓடுவதைப் படித்துக்கொள்வார். கல்யாண வீட்டில் நாலு பேர் சேர்ந்து பேசினால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். "உங்க அப்பாவுக்கு இப்பல்லாம் தலைக்கனம்" என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள்.

செமஸ்டர் லீவில் வீட்டுக் கம்ப்யூட்டரில் இந்த ஆட்டத்தை மறுபடி முதலிலிருந்து ஆடிக்கொண்டிருந்தேன். சின்ன ஸ்பீக்கர் இரண்டு. அப்பா வெளியே ஹாலில் ஈஸி சேரில். மூன்று நாள் மிட்கார்தான். நாலாவது நாள் சாயங்காலம் சுவரைத் தாண்டினேன். அந்த ராகம் ஆரம்பித்து ஒரு நிமிஷம் ஆகியிருக்கும், அப்பா வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றார். ஸ்கிரீன் அவருக்குத் தெரியாது, என் முதுகு மறைத்துக்கொண்டிருந்தது.

"இன்னாடா, ஊர வுட்டு வெளிய வந்துட்டியா?" என்றார.

எனக்குக் கை நின்றுவிட்டது. "எப்டிப்பா தெரியும்?"

"மூணு நாளா பிளாண்ட் உள்ளயே சுத்திக்கினு இருந்த. இப்ப காத்து வருதே."

விஷயம் தெரிந்தவர்களுக்கு இதில் மாயம் ஒன்றுமில்லை. பியானோவின் கடைசிக் கட்டையே 4186 ஹெர்ட்ஸ்தான். ஒரு பாட்டின் ராகம் முழுக்க அதற்கு வெகு கீழே, நூறுகளிலும் ஆயிரத்தை ஒட்டியும் ஓடுகிறது. அப்பாவின் காதில் பள்ளம் விழுந்த இடத்துக்குக் கீழே அந்த இசைக்கு வேண்டிய தரை முழுசாக இருந்தது. பேச்சு போன பாதையில் பாட்டு போகவில்லை. இதெல்லாம் நான் பிற்பாடு போட்ட கணக்கு. அன்றைக்கு எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: வீட்டில் நாங்கள் எல்லோரும் கத்திக் கத்திப் பேசி அவருக்குச் சொல்ல முடியாத ஒரு செய்தியை, ஜப்பான்காரர் ஒருவர், வார்த்தையே இல்லாமல், இரண்டு சின்ன ஸ்பீக்கர் வழியாகச் சொல்லிவிட்டார். அந்த லீவு முடிகிற வரைக்கும் அப்பா சாயங்காலத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்களுக்குள் அத்தனை மணி நேரம் சேர்ந்து இருந்ததாக அதற்கு முன் எனக்கு ஞாபகம் இல்லை. அடுத்த வருஷம் ஹியரிங் எய்ட் வாங்கினோம். அதற்குச் சம்மதிக்க வைத்ததும் அந்த ஸ்டூலில் நடந்த பேச்சுவார்த்தைதான்.

அந்த நாட்களில்தான் ஏரித்தின் காட்சி வந்தது. முதல் காட்சியில் பூக்கூடையோடு நின்ற பெண்தான் ஏரித். கதையைச் சொல்லிவிட்டேன் என்று இளைய தலைமுறை கோபித்துக்கொள்ள வேண்டாம், ஆட்டம் வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. சேரியில் இடிந்துபோன ஒரு தேவாலயம். அந்த ஊரில் பூ பூக்கிற அபூர்வமான இடம் அது, அதை அவள் பார்த்துக்கொள்கிறாள். அங்கே நுழையும்போது ஒரு சின்ன ராகம், மெல்லிசாகப் பின்னால் போகும். நாம் கவனிப்பதுகூட இல்லை. வெகு தூரம் தாண்டி, அவள் கொல்லப்படுகிற இடத்தில் அதே ராகம் முழுசாக விரிகிறது. உடனே ஒரு பெரிய பூதத்தோடு சண்டை. இந்த வகை ஆட்டத்தில் சண்டை என்றால் சண்டை இசை தடதடவென்று வரும், அது சட்டம் மாதிரி. இங்கே வரவில்லை. அவளுடைய ராகமே சண்டை முழுக்க ஓடுகிறது. கை வாளை வீசுகிறது, காது துக்கத்தில் இருக்கிறது. "சண்ட நடக்குது, ஏண்டா சாவு வூட்டு மியூசிக்கு?" என்று அப்பா கேட்டார். காரணத்தைச் சொன்னேன். "அப்ப சரி" என்றார்.

கடைசிச் சண்டையில் லத்தீன் பாடும் கூட்டுக் குரலோடு ஒரு இசை வரும். உலகம் முழுக்க கச்சேரிகளில் கைதட்டு வாங்குவது அதுதான். எனக்கு அது கொஞ்சம் ஓவர். தேவாலயத்து ராகம் போதும்.

இந்த மாதிரி இசைக்கு இப்போது மரியாதை வந்துவிட்டது. 2021 ஜூலை 23 அன்று டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் நாடுகள் அணிவகுத்து வந்தது முழுக்க வீடியோ கேம் இசைக்குத்தான். நம் இந்திய அணியும் அந்த இசைக்குத்தான் நடந்தது. டிவியில் பார்த்த பல பேருக்கு அது தெரிந்திருக்காது. கிராமியில் 2023 முதல் இதற்கென்று தனி விருதே கொடுக்கிறார்கள்.

நம் பக்கம் என்ன நடக்கிறது என்று கேட்பீர்கள். புனேயில் ஒரு குழு 2020இல் 'ராஜி' என்று புராண பாணியில் ஒரு ஆட்டம் கொண்டுவந்தது. அதற்கு இசை கிரேக்க நாட்டுக்காரர் ஒருவர். தமிழ் என்று எடுத்தால் 'வெண்பா'. கனடாவில் டொரன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. பூதமும் வாளும் அதில் இல்லை, இட்லிக் குண்டான்தான் இருக்கிறது. 1980களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம், அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்துபோயிருக்கிறது, அதை வைத்துச் சமைக்க வேண்டும். சமைக்கும்போது ரேடியோ பாடும். பாட்டெல்லாம் அந்தந்தக் காலத்துத் தமிழ் சினிமா பாணியில் புதிதாகக் கட்டியவை. வருஷம் போகப் போகப் பாட்டின் பாணி மாறும், அதை வைத்தே காலம் ஓடியதைத் தெரிந்துகொள்ளலாம். திரைக்குப் பின்னால் பாடுகிற அதே வேலை. 2024இல் அதற்கு பிரிட்டனின் பாஃப்டா விருது, முதல் படைப்புக்கானது, கிடைத்தது.

எங்கள் வடசென்னைக்கும் ஒரு பாட்டு உண்டு. 2017இல் டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று பாடிய 'சென்னைப் புறம்போக்குப் பாடல்'. அது முகத்துக்கு நேரே நின்று கேள்வி கேட்கிற பாட்டு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் அந்தக் கழிமுகத்தில் எண்ணெய் பரவிய பிறகு அதைக் கேட்டால் இன்னும் உறைக்கிறது. ஆனால் மணலி ரீங்காரத்தையும் ஷிஃப்ட் சங்கையும் சுரமாக்கி, நாற்பது மணி நேரம் கேட்டாலும் சலிக்காமல் ஒரு ஆட்டத்துக்குப் பின்னால் ஓட விடுகிற ஆள் இன்னும் வரவில்லை. நம் கல்லூரியின் மியூசிக் கிளப் பிள்ளைகள் இங்கே முன் வரிசையில் இருக்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன். மாத்தூர் வீட்டு மொட்டை மாடியில் இரவு பத்து மணிக்கு மேல் ரெக்கார்டர் வைத்துப் பதிவு செய்துகொள்ளலாம், அனுமதி வாங்கியாகிவிட்டது. அம்மா டீ போட்டுத் தருவார்.

செயலாளர் அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் கீபோர்டோடு தயாராக இருக்கிறார். முதலில் அந்தத் தேவாலயத்து ராகத்தைச் சன்னமாக ஒரு நிமிஷம் வாசிப்பார், நீங்கள் பாட்டுக்குப் பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டிருக்கலாம். அதற்கப்புறம் அதையே முழுசாக வாசிப்பார். அப்போது மட்டும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிடுங்கள்.

வாம்மா, ஆரம்பி.